சாட்டின் ஜாக்கெட்டில் தொங்கிய அட்டை

அத்தானோடு எப்போது பேசப்போகிறாய் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்பவர்கள் எல்லோரும் அவர் பக்கத்து ஆட்கள். ஒரு ஜாக்கெட்டுக்காக அக்காவின் கணவரைப் பகைத்துக்கொண்டவன் என்று லண்டனில் மிச்சம் பகுதித் தமிழர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பகைத்தது உண்மை. காரணம் ஜாக்கெட் அல்ல.

நான் லண்டனுக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. அதற்கு முன் பிரான்சில் நாலு வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றிருந்தேன். அக்காவும் அத்தானும் மிச்சம் பகுதியில், டிராம் ஓடும் பாதைக்குப் பக்கத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். மாடியில் இருந்த சின்ன அறையை எனக்குத் தந்தார்கள். கட்டிலைப் போட்ட பிறகு அதன் கதவு பாதிதான் திறக்கும். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே கலியாணம் பேசி, அத்தான் அப்போது இருந்த ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் இருவரும் லண்டனுக்கு வந்தார்கள். அத்தானை முதன்முதலாக நேரில் கண்டது இந்த லண்டன் வீட்டு வாசலில்தான்.

அத்தான் எண்பத்திநாலில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு அங்கே நடந்த எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் செய்தி போனால் எனக்கு விளக்கம் சொல்வார். எந்த ஒழுங்கையால் போனால் எந்தச் சந்தி வரும் என்று சொல்வார். அந்தச் சந்தி இடிந்து பத்து வருடம் ஆகியிருக்கும். நான் ஏதாவது திருத்தினால், “உனக்குத் தெரியாது தம்பி, நீ அப்ப சின்னப் பெடியன்” என்பார். குண்டு விழுந்த வருடங்களில் அங்கே இருந்தவன் நான். சின்னப் பெடியனும் இல்லை. ஆனாலும் அவர் வீட்டில் இருந்து அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படி மூடிக்கொண்டிருப்பது எனக்குள் என்ன செய்தது என்று அப்போது விளங்கவில்லை.

வேலையும் அவர்தான் எடுத்துத் தந்தார். அவருடைய ஜேர்மனிக் காலத்துச் சிநேகிதர் ஒருவர் அங்கே இருந்த கடையை விற்றுவிட்டு லண்டனுக்கு வந்து, தொழிற்பேட்டை ஒன்றில் எம்ப்ராய்டரிப் பட்டறை போட்டிருந்தார். பள்ளிக்கூடச் சுவெட்டர்களுக்குச் சின்னம், கராத்தே வகுப்புகளுக்குப் பெயர், கோயில் திருவிழாவுக்குத் தொண்டர் டீசேர்ட் என்று எல்லாவற்றிலும் மெஷினால் நூல்வேலை செய்வோம். அத்தான் வாடிக்கையாளர்களோடு கதைக்கும் ஆள். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். நான் பின்னால் கம்ப்யூட்டரில் படங்களைத் தையலாக மாற்றுவேன். மெஷின்கள் ஓடத் தொடங்கினால் காதுக்குள் கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பட்டறையில் நல்ல வார்த்தை சொன்னாலும் சண்டை மாதிரித்தான் கேட்கும்.

இரண்டாயிரத்து ஐந்து வசந்தத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த ஆள். கிழக்கு லண்டனில் பழைய உடுப்புக் கடை வைத்திருந்தார். ஒரு பொலித்தீன் பையிலிருந்து பழைய சாட்டின் ஜாக்கெட் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அவருடைய தகப்பனார் கப்பற்படையில் இருந்தவராம். உலக யுத்தம் முடிந்த பிறகு ஜப்பான் துறைமுகம் ஒன்றில் நின்றபோது வாங்கினதாம். முதுகில் கழுகு, அதன் கீழே ஜப்பானின் வரைபடம், தோளில் துறைமுகத்தின் பெயர். நூல் பல இடங்களில் அறுந்து தொங்கியது.

அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தாங்கள் நின்ற ஊரை இப்படி முதுகில் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று அவர் சொன்னார். பிறகு ஜப்பான்காரர்களே அதை விரும்பிப் போடத் தொடங்கினார்களாம். அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. கடலிலிருந்து எழும்பி வந்து நகரங்களை மிதிக்கும் இராட்சத மிருகங்களின் பழைய படங்கள். குண்டு விழுந்த நாட்டில்தான் அப்படிப்பட்ட மிருகங்கள் பிறக்கும் என்பது அவருடைய வாதம். யுத்தத்தையும் மிருகத்தையும் ஒரே முதுகில் போட்டு நாற்பது ஜாக்கெட் வேண்டும் என்றார்.

“செய்யலாம்” என்றார் அத்தான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அந்தப் படத்தை நான் வரைந்தேன். முதுகுமுள் விரித்த ஒரு பெரிய மிருகம், இடுப்பளவு கடலில். அதன் தலையைச் சுற்றி மொய்க்கும் இலையான் ஈக்கள் மாதிரிப் போர் விமானங்கள். கீழே எரியும் நகரம், டாங்கிகள். விளிம்பில் கரையோரத்தின் வரைபடம். வரைவது பெரிய வேலையில்லை. சாட்டினில் தைப்பதுதான் வேலை. சாட்டின் வழுக்கும். நூல் அடர்ந்தால் துணி சுருங்கி, மிருகத்தின் வயிறு கிழவியின் வயிறு மாதிரி மடிந்து நிற்கும். முதல் எட்டுத் துணி பழுதானது. ஒவ்வொரு தடவையும் அத்தான் வந்து பார்த்துவிட்டு, “சுருங்கிப் போச்சு” என்பார். சுருங்கியது எனக்குக் கண் தெரியாதா? ஒவ்வொரு செதிலுக்கும் தையல் போகும் திசையை மாற்றி, பின்னால் வைக்கும் தாளை மாற்றி, மூன்று கிழமை கழித்து ஒரு சுருக்கமும் இல்லாமல் மிருகம் எழும்பியது.

வெள்ளைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். சாட்டினை இவ்வளவு நன்றாக எங்கே பழகினாய் என்று என்னிடம் கேட்டார். ஊரில் தைத்தேன் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அப்போது அத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“தம்பி, அந்த மனுசன் சாட்டினைப் பற்றிக் கேக்க ஏன் முகம் கறுத்தனீ?”

அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள். நான் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது. புட்டும் இறைச்சிக்கறியும் ருசியாக இருந்தது, வெயில் யன்னலால் வந்தது, அக்கா அம்மாவின் குரலில் “சொல்லன்” என்றாள். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கிட்ட ஒரு தையல்கடையில் நான் உதவியாளாக இருந்தேன். ஒரு நாள் காலை விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. கடை முதலாளி ஏற்கெனவே குடும்பத்தோடு வேறிடம் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. மத்தியானம் எங்கள் பங்குச் சுவாமியார் கடை வாசலில் வந்து நின்றார். சுவாமியாரின் அங்கி முழங்காலுக்குக் கீழே சிவப்பாக இருந்தது. “வெள்ளைத்துணி ஏதும் கிடக்கோ?” என்றார். கோயிலில் இருந்த பீடத்துணிகள், திரைகள் எல்லாம் செத்தவர்களைச் சுற்றியே முடிந்துவிட்டனவாம். கடையில் பருத்தித்துணி ஒரு முழம்கூட இல்லை. ஒரு கலியாணப் பெண்ணின் கவுனுக்காக அவளுடைய தாய் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்த வெள்ளைச் சாட்டின் மட்டும் இருந்தது. ஏழு கஜம். அளவு எடுத்துக் குறித்து வைத்திருந்தேன், வெட்டவில்லை.

அதை நான் வெட்டினேன். மூன்று பேருக்குப் போதுமாக இருந்தது. எங்கள் தெருவில் தேங்காய் உரிக்கும் கிழவர் ஒருவர், கோயிலில் பூ வைக்கும் ஒரு பெண், இன்னொருவர் யாரென்றே தெரியாது. சுற்றிக் கட்டினால் சாட்டின் வழுக்கியது. முடிச்சு நிற்கவில்லை. அதனால் ஊசியில் நூல் கோத்து, கோயில் விறாந்தையில் முழங்காலில் இருந்து, கழுத்திலிருந்து கால்வரை ஓடுதையல் போட்டேன். அந்தப் பெயர் தெரியாத ஆளுக்குத் தைக்கும்போது என் விரலில் ஊசி குத்தியது. துணியில் இருந்த இரத்தத்தில் எது என்னுடையது என்று தெரியவில்லை.

சொல்லி முடித்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, என் தோளில் ஒரு தரம் தட்டினார். அந்த வீட்டில் நான் இருந்த காலத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தரம்தான். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாற்பது ஜாக்கெட்டும் முடிந்த கிழமை ஒரு பெட்டி வந்தது. வெள்ளைக்காரர் அச்சடித்து அனுப்பிய அட்டைகள். ஒவ்வொரு ஜாக்கெட்டின் ஜிப்பிலும் ஒரு அட்டையை நூலால் கட்ட வேண்டும் என்று பட்டறை முதலாளி சொன்னார். கட்டத் தொடங்கினேன். ஆங்கிலம் வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். பத்தோ பதினைந்தோ கட்டிய பிறகுதான், யாழ்ப்பாணம் என்ற பெயர் அட்டையில் இருப்பது கண்ணில் பட்டது. கட்டுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன்.

இந்த ஜாக்கெட்டுகள் யுத்தத்தை அறிந்த கைகளால் செய்யப்பட்டவை என்று தொடங்கியது. பிறகு, ‘நான் இளைஞனாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு தையல்கடை வைத்திருந்தேன்’ என்று போனது. விமானம் வந்தது. வெள்ளைத்துணி முடிந்தது. ஒரு மணப்பெண் தன்னுடைய சிவப்புச் சாட்டினைக் கண்ணீரோடு கொண்டு வந்து தந்தாள். ‘முடிச்சு நிற்கவில்லை, அதனால் இறந்தவர்களை நான் தைத்தேன். இன்றைக்கும் சாட்டினைத் தொடும்போது அவர்களைத் தொடுகிறேன்.’ கீழே கையெழுத்து மாதிரி சாய்ந்த எழுத்தில் அத்தானின் பெயர்.

என் காது இரண்டும் சூடானது ஞாபகம் இருக்கிறது. மணப்பெண் அழுதுகொண்டு வந்து தரவில்லை. துணி சிவப்பில்லை. ஆனால் அந்த முடிச்சு என்னுடையது.

அத்தான் முன்னறையில் போனில் இருந்தார். அட்டையை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் போனை மெதுவாக வைத்தார்.

“இது என்ன?”

“அது சும்மா விளம்பரம் தம்பி. அந்த மனுசன் கேட்டவன், ஏதாவது ஒரு கதை இருந்தால் நல்லம் எண்டு.”

“ஆரின்ரை கதை இது?”

“சத்தம் போடாதை. முதலாளி உள்ளுக்கு நிக்கிறார்.”

“ஆரின்ரை கதை எண்டு கேக்கிறன்.”

“எங்கடை சனத்தின்ரை கதை. உன்ரை தனிச்சொத்தோ? ஒரு வெள்ளைக்காரன் வாசிச்சு அறியட்டுமன். அதிலை என்ன பிழை?”

“அப்ப ஏன் உங்கடை பேர் கிடக்கு?”

அவர் கதிரையை விட்டு எழும்பினார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்னட்டை என்ன கிடக்கு? சொல்லு பாப்பம். இருபது வருசமா இஞ்சை எவன் கண்டாலும் கேக்கிறான், நீ சிலோனோ, அங்கை என்ன கஷ்டம் பட்டனீ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? ஜேர்மனியிலை பிளேட் கழுவினனான் எண்டோ? உங்களுக்கெல்லாம் சொல்ல ஏதோ இருக்கு. எனக்கு ஒண்டும் இல்லை. ஒண்டை எடுத்தால் குறைஞ்சு போவியோ?”

பொய் சொல்லி மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். அவர் உண்மையைச் சொன்னது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. அவர்மேல் இரக்கப்பட வேண்டிய இடத்துக்கு என்னைத் தள்ளிவிட்டார். நான் இரக்கப்படவில்லை.

“களவெடுத்தனீங்கள்” என்றேன். “செத்த சனத்திட்டை களவெடுத்தனீங்கள்.”

பின்னால் போய் நூல் வெட்டும் கத்தரியை எடுத்தேன். கட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். கட்டாதவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் நடுவால் வெட்டி, கழிவு நூல் போடும் பையில் போட்டேன். முதலாளி ஓடி வந்து, “என்னடா செய்யிறாய், உனக்கென்ன விசரோ?” என்று கத்தினார். அவருக்கு அட்டையில் என்ன இருந்தது என்றே தெரியாது. அவர் கையைப் பிடித்தபோது கத்தரியை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். எல்லாம் முடிந்திருந்தது.

வெள்ளைக்காரர் அன்று பின்னேரம் ஜாக்கெட்டுகளை எடுக்க வந்தார். அட்டைகள் எங்கே என்று கேட்டார். அத்தான் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த ஆள் அங்கே இருக்கவில்லை, நான் இருந்தேன், தைத்தது நான். இலக்கணம் பிழையாகத்தான் இருந்திருக்கும். விளங்கிவிட்டது.

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார். வெள்ளைக்காரரின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டார், இரண்டு மூன்று தரம். அதோடு விட்டிருந்தால் அந்த மனிதரைப் பற்றி நல்லதாக எழுதியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, அப்படியென்றால் உன் பெயரைப் போடுவோம், உன் படத்தையும் போடலாம், நீயே சொல்வதுபோல் திருத்தி அச்சடிக்கிறேன் என்றார்.

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கண்கள் ஈரமாக இருந்தன. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

“நோ” என்றேன்.

ஏன் என்று கேட்டார். இந்தக் கதை மக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா என்றார்.

அவருடைய தகப்பனார் ஜப்பானில் நின்றபோது அந்தத் துறைமுகத்தில் செத்தவர்களை யார் எதில் சுற்றினார்கள், அதையும் ஜிப்பில் கட்டி விற்பீர்களா என்று கேட்க நினைத்தேன். அதற்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இருக்கவில்லை. தமிழில் சொன்னேன். அத்தானைப் பார்த்து, மொழிபெயர்க்கச் சொன்னேன். அவர் மொழிபெயர்க்கவில்லை. வெள்ளைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

முதலாளி என்னை இனி வர வேண்டாம் என்றார். “ஜேர்மனியிலை எண்டால் உன்னை அப்பவே பொலிசிலை குடுத்திருப்பாங்கள்” என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நான் போய்ச் சேருவதற்குள் அத்தான் அக்காவுக்கு போன் பண்ணியிருந்தார். அக்கா குசினி வாசலில் நின்றாள்.

“நீ அவரை வெள்ளைக்காரனுக்கு முன்னாலை கள்ளன் எண்டு சொன்னனியோ?”

“அவர் என்ன செய்தவர் எண்டு கேட்டனியோ?”

“கேட்டனான். எல்லாம் கேட்டனான். அவர் உன்ரை கதையை எடுத்ததாலை உனக்கு என்ன குறைஞ்சது? உன்னை இஞ்சை கூப்பிட்டது ஆர்? வேலை எடுத்துத் தந்தது ஆர்? ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்லை, இந்த மனுசன் ஊருக்குக் காசு அனுப்பித்தான் எங்கடை வீடு சீவிச்சது.”

“அக்கா, நீ அழுதனீ. அந்த மேசையிலை இருந்து அழுதனீ.”

“ஓம், அழுதனான். அதுக்காக என்ரை புருஷனை நடுறோட்டிலை விடச் சொல்லுறியோ?”

அவளுடைய சின்ன மகள் படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையை மேலே போகச் சொன்னாள். பிறகு என்னிடம், சத்தத்தைக் குறைத்து, “அவர் வரேக்கை நீ இஞ்சை நிக்காதை” என்றாள். நான் பெட்டியைக் கட்டினேன். என் சாமான்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கின. வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெயில். கோடைகாலம். டிராமில் ஏறி, ரயில் மாறி, கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் இருந்த ஒரு சிநேகிதனின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே திரைச்சீலை தைக்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. பெரிய வீடுகளுக்குக் கனமான திரைகள். சாட்டின் கேட்டு வந்தால் மற்றவரிடம் தள்ளிவிடுவேன். மிச்சம் பகுதியில் கதை வேறு மாதிரிப் பரவியது. அத்தானின் பெயர் அட்டையில் வந்ததை மச்சானுக்குப் பொறுக்க முடியவில்லை, எரிச்சலில் வெட்டிப் போட்டான் என்று. சமாதானம் பேச வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, “மூத்தவர் தானே, விட்டுக்குடும்” என்றார்கள். யாரும் அந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் ரயிலில் எனக்கு முன்னால் நின்ற ஒருவனின் முதுகில் என் மிருகத்தைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். பல தடவை துவைத்திருக்கிறான், இருந்தும் ஒரு சுருக்கம் இல்லை. நான் செய்த வேலைகளில் அதுதான் திறமானது. அந்தப் பெருமைகூட எனக்கு வாய்க்குள் கசந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் அந்த ஞாயிறு நான் முழுவதையும் சொல்லவில்லை. குண்டு விழுந்து நாலாம் நாள் கலியாணப் பெண்ணின் தாய் கடைக்கு வந்தாள். துணி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். “என்னட்டைக் கேட்டிருந்தால் தந்திருப்பன் தம்பி. கேட்காமல் எடுத்திட்டாய்” என்றாள். அவளுடைய வீடு கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்த நேரத்தில் யார் கேட்பார்கள் என்று நான் இத்தனை வருடமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில், கேட்டால் தரமாட்டாள் என்று பயந்துதான் கேட்கவில்லை. அத்தான் அதே மாதிரி நினைத்திருக்கலாம் என்பது செவன் கிங்ஸில் திரை தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, மனம் இளகவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் தந்திருக்க மாட்டேன். அந்த அம்மா தந்திருப்பாள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில் அக்காவின் சின்ன மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அக்கா இரண்டு வருடத்துக்குப் பிறகு போன் எடுத்தாள்.

“பிள்ளை மாமா வரவேணும் எண்டு நிக்கிறாள். என்னோடை கோவம் எண்டால் வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போ.”

போனேன். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. நான் சுவரோரமாக ஒரு மேசையில் இருந்தேன். அத்தான் நரைத்திருந்தார். இறைச்சி ரோல்ஸ் பலகாரத் தட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். என் மேசைக்கு வந்தபோது தட்டை நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் எடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தாள். மன்னாரிலிருந்து வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது, எங்கள் சண்டை அவளுக்குத் தெரியாது. அவள் ரோல்ஸை எடுத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

“நீங்கள்தானே அண்ணை, குண்டு விழுந்த அண்டைக்குச் சாட்டினாலை சனத்தைத் தைச்சு அடக்கம் பண்ணின ஆள்? கோயிலிலை ஒரு ஆள் சொன்னவ.”

மேசையில் இருந்த மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். அத்தான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லை” என்றார். “நான் எண்பத்திநாலிலையே வெளிக்கிட்டிட்டன். நான் ஒண்டும் காணேல்லை.” பிறகு நாடியை முன்னால் நீட்டி என்னைக் காட்டினார். “அது உவர்.”

அவர் அதை என்னிடம் வீசி எறிந்தமாதிரித்தான் சொன்னார். அவருடைய முகத்தில் பணிவு ஒன்றும் இருக்கவில்லை. அந்த அம்மா கதிரையை என் பக்கம் திருப்பினாள். “ஐயோ தம்பி, நீங்களோ? என்னெண்டு நடந்தது, சொல்லுங்கோ” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் போகாமல் நின்றார். அவரும் கேட்கத்தான் நிற்கிறார் என்று விளங்கியது.

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அம்மா” என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். பட்டறையில் அட்டையை வைத்த அன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் அவர் சொன்ன அந்த ஒரு உண்மைக்கு நான் சாட்சியாக நிற்கவில்லை. வேண்டுமென்றேதான் நிற்கவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்த அம்மா கொஞ்சம் குழம்பிப்போய், சோறு நல்லாயிருக்கு என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பிள்ளையின் கையில் என் பரிசைக் கொடுத்தேன். அவள் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அக்கா சாப்பாட்டுப் பார்சல் ஒன்றைத் தந்து, “இனியாவது வந்து போ” என்றாள். ஓம் என்றேன். பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். மண்டபத்திலிருந்து ஆட்கள் கார்களில் வெளிக்கிட்டுப் போனார்கள். அத்தானின் காரும் என்னைத் தாண்டிப் போனது. பின் கண்ணாடியால் பிள்ளை கை காட்டினாள். நானும் காட்டினேன். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.